இரண்டு டஜன் வாத்தும் ஒரு கோணி ஊசியும்

நம் கடைக் கவுன்ட்டருக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அஞ்சலை அக்கா எழுதுவது. வேலையை விட்டுப் போனவள் வீட்டில் சும்மா இருக்காமல் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டாள் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் சிரித்துக்கொண்டே படியுங்கள். பில் போடுவதும் ஸ்டாக் அடுக்குவதும் உங்களுக்குத் தானாக வந்துவிடும். கம்ப்யூட்டரில் நீங்கள் என்னைவிடக் கெட்டி. நான் சொல்லப்போவது, குளிக்கும்போது குழந்தை கையில் கொடுக்கிற பொம்மையைப் பற்றி மட்டும்தான். அந்த அலமாரி ஒன்பது வருஷம் என் பொறுப்பில் இருந்தது. அது எப்படி என் பொறுப்புக்கு வந்தது என்பது பெருமையாகச் சொல்லிக்கொள்கிற கதை இல்லை. ஆனாலும் சொல்ல ஆரம்பித்தால் எனக்கே சிரிப்பு தாங்காது.

பொம்மை வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள். அடுத்து, அழுத்தினால் சத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். நீங்கள் அதையெல்லாம் அவர்களுக்கே விட்டுவிட்டு, பொம்மையை வாங்கித் தலைகீழாகத் திருப்புங்கள். அடியில் ஓட்டை இருக்கிறதா? இருந்தால் குளிக்கிற பொம்மை அலமாரியில் அதற்கு இடமில்லை. சந்தேகமாக இருந்தால் வாளித் தண்ணீரில் முக்கி அழுத்துங்கள். பஞ்சர் கடையில் டியூபை முக்கிப் பார்ப்பார்களே, அதேதான். குமிழி வந்தால் வேண்டாம். இதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு எப்படி வந்தது என்று கேட்டால், இந்த விருத்தாசலத்திலேயே பொம்மைகளுக்கு அதிகமாக ஓட்டை போட்ட பெண் நான்தான்.

நம் ஊரில் நாலு வீட்டைத் தட்டினால் ஒரு வீட்டிலாவது பீங்கான் யூனிட்டில் வேலை பார்த்தவர் இருப்பார். நான் இருபத்திரண்டு வருஷம் பொம்மை யூனிட்டில் இருந்தேன். களிமண் கரைசலை அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுத்தால் உள்ளே ஒன்றுமில்லாத பொம்மை வரும். அதன் விளிம்பை வழித்து, அடியில் ஒரு ஓட்டை குத்தி அனுப்புவது என் வேலை. அந்த ஓட்டை இல்லாவிட்டால் சூளைச் சூட்டில் உள்காற்று போக வழியில்லாமல் பொம்மை வெடித்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரே ஒரு பிள்ளையாருக்கு ஓட்டை போட மறந்துவிட்டேன். அவர் சூளைக்குள் வெடித்து, பக்கத்தில் நின்ற பதினோரு மயில்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு மேஸ்திரி திட்டவில்லை. உடைந்த தும்பிக்கையை என் கையில் கொடுத்து, "மூடி வெச்ச பொருளுக்கு மூச்சு வுட வழி வேணும்மா" என்றார். அது என் ரத்தத்தில் ஏறிவிட்டது. வீட்டில் கொழுக்கட்டை பிடித்தால்கூட என் விரல் தன்னாலே அடியில் ஒரு குத்து குத்தும். என் மகள் அதற்காகவே என்னைச் சமையலறையை விட்டுத் துரத்துவாள். அப்புறம் அந்தத் தூசி என் நெஞ்சுக்கு ஆகவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐம்பது வயதில் இந்தப் பொம்மைக் கடைக்கு வந்தேன். நெஞ்சு தேறியது, விரல் தேறவில்லை.

கடைக்கு வந்த மூன்றாவது மாதம். நல்ல கத்திரி வெயில். முதலாளியம்மா மகளின் பிரசவத்துக்காகப் புதுச்சேரி போய்விட்டார். போகும்போது, "அஞ்சல, கட ஒம் பொறுப்பு" என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் நான் ஒரு அடி உயரமாகிவிட்டேன். மறுநாளே சென்னையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே இரண்டு டஜன் மஞ்சள் வாத்து. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். ஓட்டை இல்லை. இன்னொன்று, அதிலும் இல்லை. இருபத்து நாலையும் திருப்பிப் பார்த்துவிட்டேன், ஒன்றிலும் இல்லை.

உள்ளே வெறும் காற்று, வெளியே கத்திரி வெயில். இதில் அம்மாக்கள் வெந்நீரில் வேறு போடுவார்கள். பிள்ளையாரும் பதினோரு மயிலும் கண்முன் வந்து நின்றார்கள். ஏதோ ஒரு கம்பெனிக்காரன் வேலை மறந்து அனுப்பியதற்கு, நம் ஊர்க் குழந்தையின் கையில் வாத்து வெடிப்பதா? முதலாளியம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. பொறுப்பு என்னுடையது என்று அவரே சொல்லிவிட்டாரே! கோணி ஊசியையும் வாத்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு பக்கத்து டீக்கடைக்குப் போனேன்.

நான் அடுப்பில் ஊசியைக் காய்ச்சி, ஒவ்வொரு வாத்தாகக் குத்துவதை டீ மாஸ்டர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாக்கா, வாத்துக்குக் காது குத்தா?"

"ஆமா. தாய்மாமன் நீங்கதான், மடியில வெச்சிப் புடிங்க" என்றேன்.

மனிதர் நிஜமாகவே மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். டீ குடிக்க வந்தவர்களெல்லாம் சுற்றி நின்று மொய் எவ்வளவு என்று கேட்டார்கள். பிளாஸ்டிக் கருகுகிற நாற்றத்தில், அந்தத் தெருவே சிரிக்க, இருபத்து நாலு வாத்துக்கும் காது குத்தி முடித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் தலையில் கொம்பு முளைக்க வைத்தது. ஓட்டை போட்ட வாத்தைத் தண்ணீருக்குள் அழுத்தி எடுத்து, மறுபடி அழுத்தினால் பீச்சி அடித்தது. குழந்தைகளுக்கு அது போதாதா! நான் கவுன்ட்டரில் ஒரு பீங்கான் பேசினில் தண்ணீர் ஊற்றி, ஒரு வாத்தை விளம்பரத்துக்கு மிதக்கவிட்டேன். வந்த குழந்தைகள் எல்லாம் என் மூஞ்சியில் பீச்சின. அம்மாக்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். ஐந்து வாரத்தில் பதினைந்து வாத்து போய்விட்டது. பேசினில் தண்ணீர் குறைந்தால் மேலே ஊற்றுவேன். மாற்றினேனா என்று கேட்காதீர்கள்.

முதலாளியம்மா பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு திரும்பி வந்தார். சந்தன நிறத்தில் புதுப் புடவை, கையில் லட்டு டப்பா. நான் ஓடிப்போய், "அம்மா, நம்ம வாத்த பாருங்களேன்" என்று பேசினைக் காட்டினேன். அவர் ஆசையாக எடுத்து அழுத்தினார். வாத்து அவர் மடியில் பீச்சியது. சந்தன நிறப் புடவையில் தண்ணீரோடு கருப்புக் கருப்பாக ஏதோ விழுந்தது.

"என்னா இது, மொளகுத்தூளா?"

அவர் கத்தியை எடுத்து வாத்தை இரண்டாகப் பிளந்தார். உள்ளே, மழைக்காலத்துச் சுவர் மாதிரி, ஒரே கருப்புப் பூஞ்சணம். ஓட்டை வழியாக உள்ளே போன தண்ணீர் முழுதாக வெளியே வருவதே இல்லை. காயாமல் உள்ளேயே கிடந்து பூத்திருக்கிறது. குழந்தை அதை அழுத்திப் பீச்சும், வாயில் வைத்து உறிஞ்சும். களிமண் பொம்மை சூளைக்குப் போகும், அதற்கு ஓட்டை வேண்டும். இந்த வாத்து தண்ணீருக்குப் போகிறது, இதற்கு ஓட்டை ஆகாது. இவ்வளவுதான் விஷயம். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

"ஓட்ட இல்லாத வாத்துதான் வேணும்னு கேட்டு வாங்கினேன். இதுல எப்படி ஓட்ட வந்துச்சு?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"பொட்டியில வரும்போதே அப்படித்தாம்மா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். சொன்னது என் வாய்தான், ஆனால் சொல்லி முடித்தபிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

அவர் உடனே போனை எடுத்துச் சென்னை வியாபாரிக்குப் போட்டார். மணி அடிக்கிறது. அந்தப் பக்கம் யாரோ ஒரு பாவப்பட்ட மனிதர் காரணமே தெரியாமல் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார். முதல் மணி, இரண்டாவது மணி. மூன்றாவது மணியில் நான், "அம்மா, நான்தாம்மா குத்தினேன்! டீக்கடையில வெச்சி! கோணி ஊசியில!" என்று கத்தினேன். அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். முதலாளியம்மா என்னைப் பார்த்துக்கொண்டே, "பேத்தி பொறந்திருக்கா, அத சொல்லத்தாங்க போட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்புறம் சொன்னார்: "வித்த பதினஞ்சும் திரும்பி வரணும். நீதான் போயி மாத்திக் குடுத்துட்டு வரணும். ஏன்னு கேட்டா உள்ளத சொல்லணும். அதுல ஒரு வாத்து ஒரு புள்ள வாயில இருக்கிற வரைக்கும் நீ இந்தக் கவுன்ட்டர்ல நிக்கக் கூடாது."

அவர் கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாளே ஓட்டை இல்லாத புதுப் பெட்டி வரவழைத்தார். அந்தப் பெட்டியை நான் திருப்பித் திருப்பிப் படித்தேன். 'துளையற்றது, தண்ணீர் புகாது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பழைய பெட்டியிலும் அதேதான் இருந்ததாம்.

வாத்து தேடிப் போன கதையை முழுதாகச் சொன்னால் இந்த நோட்டு போதாது. ஊருக்குள் இருந்ததெல்லாம் போன் போட்டதும் வந்துவிட்டது. வேப்பூர் ஹைவேயில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர், பேரனுக்கு வாங்கிய வாத்தைக் கடைக்குக் கொண்டுவந்து, வாழை இலைக்குத் தண்ணீர் தெளிக்க வைத்திருந்தார். லாரி டிரைவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு இலையிலும் வாத்து பீச்சுகிறது. நான் பாய்ந்து பிடுங்கியதில் அவர் திருடி என்றே நினைத்துவிட்டார். சேத்தியாத்தோப்பில் ஒரு அம்மா, எழுந்திருக்காத மகன் முகத்தில் காலையில் பீச்சி அடிக்க வைத்திருந்தார். மகனுக்கு இருபத்தெட்டு வயது. நான் வாத்தைக் கேட்டதும் அந்த மகன் அம்மாவை முந்திக்கொண்டு எடுத்து வந்து கொடுத்து, பஸ் ஏற்றியும் விட்டார்.

அப்படியே பதினாலு சேர்ந்துவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று, மங்கலம்பேட்டையில்.

அதை வாங்கிய ஹசீனாவை எனக்கு நன்றாக நினைவிருந்தது. "கடப் பேரு போட்ட பை வேணாங்கா, வெறும் பையில குடுங்க" என்று கேட்டு வாங்கியவள். வீட்டுக்காரர் ஷார்ஜாவில் வேலை. மகள் ஆயிஷாவுக்கு இரண்டரை வயது. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது விட்டுப் போன அத்தாவை, அவள் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். குளிக்க வைப்பதற்குள் தெருவே கூடும் அளவுக்கு அழுகிறவள். ஹசீனா என்ன செய்தாள் என்றால், இது அத்தா அனுப்பிய வாத்து என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து குளியல் என்றால் குதிக்கிறாளாம்.

இதையெல்லாம் போனில் சொல்லிவிட்டு, "வேற எதுனா கேளுங்கக்கா, அத மட்டும் கேக்காதீங்க" என்றாள் ஹசீனா. "அவங்க அத்தா வர்ற வெள்ளிக்கெழம வராரு. அந்த வாத்த வெச்சித்தான் அவரு அத்தான்னே இவ நம்புறா."

"அதுல தண்ணி உறிஞ்சுறாளாம்மா?"

"ஆமாங்கா, உறிஞ்சி என் மேலயே துப்புவா. வயிறுதான் இந்த மாசம் ரெண்டு தடவ சரியில்லாம போச்சு. தண்ணிய காய்ச்சித்தான் குடுக்குறோம், எதனாலன்னு தெரியல."

என் வாத்தினால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பயம்தான், வேறென்ன? வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அந்தக் குழந்தை சிரித்துக்கொண்டே உறிஞ்சுகிறாள் என்பது அதைவிடப் பெரிதாக உள்ளே உட்கார்ந்துகொண்டது.

புதன்கிழமை காலை முதல் வேலையாகப் புது வாத்தைப் பையில் போட்டுக்கொண்டு மங்கலம்பேட்டை பஸ் ஏறினேன். வழியெல்லாம் திட்டம் போட்டேன். ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே மூக்கு. குழந்தை அசந்த நேரம் மாற்றி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? இரண்டரை வயதை ஏமாற்ற முடியாதா என்ன!

ஆயிஷா வீட்டுக் கொல்லையில் அலுமினிய அன்னக்கூடை நிறையத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் மட்டும் விளிம்புக்கு வெளியே, பாலித்தீன் பை சுற்றி ஜம்பமாக நீட்டியிருந்தது. விழுந்து முட்டியில் காயமாம். "புண்ணுல தண்ணி படக் கூடாது" என்று ஹசீனா சொல்லச் சொல்ல, அவளும் அதையே பாட்டு மாதிரி திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கையில் வாத்து. என்னைப் பார்த்ததும் வரவேற்பாக ஒரு பீச்சு பீச்சினாள்.

ஹசீனா சோப்பு போடுகிற சாக்கில் குழந்தையின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். நான் வாத்தை மாற்றிவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் அச்சிலிருந்து பொம்மை எடுத்த கை, சத்தமே இல்லை. ஆயிஷா திரும்பினாள். புது வாத்தை எடுத்தாள். நேராகத் தலைகீழாகத் திருப்பி, அடியில் விரலை வைத்துத் தடவினாள்.

"ஓட்ட இல்ல" என்றாள். "அத்தா வாத்து இல்ல."

உதடு பிதுங்க ஆரம்பித்தது. உலகத்தில் எத்தனையோ மஞ்சள் வாத்து இருக்கட்டும், தன் வாத்தை அவள் அந்த ஓட்டையை வைத்துத்தான் அடையாளம் வைத்திருக்கிறாள். நான் தப்பாகக் குத்திய ஓட்டை! ஹசீனா எனக்குக் கண்ணைக் காட்டினாள். "இதுவும் அத்தா அனுப்பினதுதான்னு சொல்லுங்கக்கா" என்று வாயசைத்தாள். சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். ஆனால் அன்றைக்குப் போனைக் காதில் வைத்தபடி முதலாளியம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருந்தது. பழைய வாத்தை எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"பாப்பா, இந்த ஓட்டய நான்தான் போட்டேன்."

அழுகை நின்றுவிட்டது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஊசியா?"

"ஆமாடா கண்ணு, ஊசிதான்."

இரண்டரை வயதுக்கு ஊசி என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். அவள் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! "வாத்து அழுதுச்சா?"

"நான் கவனிக்கலடா" என்றேன். அதுதான் உண்மை.

"சாரி சொல்லு."

பிள்ளைகளே, ஐம்பது வயதில், ஈரத் தரையில் மண்டி போட்டு, ஒரு பிளாஸ்டிக் வாத்தைப் பார்த்து, "சாரி வாத்து" என்று சொன்னேன்.

"வாத்துக்குக் கேக்கல."

"சாரி வாத்து!" என்று கத்தினேன். காம்பவுண்டு சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுத் தலை ஒன்று முளைத்தது, அதன் பக்கத்தில் இன்னொன்று. ஹசீனா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். ஆயிஷா மட்டும் சிரிக்கவில்லை. வாத்தின் ஓட்டையைப் பார்த்தாள். தன் முட்டியைப் பார்த்தாள். மறுபடியும் ஓட்டையைப் பார்த்தாள். பிறகு நீதிபதி மாதிரி அறிவித்தாள்.

"வாத்துக்குப் புண்ணு. தண்ணி படக் கூடாது. மேல வை."

நான் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் யோசித்தும் கிடைக்காத வழியை, அவள் அன்னக்கூடையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிட்டாள்.

வாத்துக்கு மருந்து போட வேண்டும் என்று ஹசீனா அதை வாங்கிக்கொண்டு சாக்கடைப் பக்கம் வந்தாள். நான் அதை அழுத்திப் பிழிந்து காட்டினேன். கருப்பாக வந்ததைப் பார்த்து அவள் சிரிப்பெல்லாம் போய்விட்டது. "இதையாக்கா எம் புள்ள உறிஞ்சிச்சி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாத்தை வெளிப்பக்கம் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து, முட்டிக்கு வாங்கிய பிளாஸ்திரியில் ஒன்றை எடுத்து ஓட்டையை அடைத்து ஒட்டினாள். வாத்து பூட்டிய ஷோகேசுக்குள், குழந்தைக்கு எட்டாத மேல்தட்டில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. கொல்லையில் ஆயிஷா புது வாத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். கையை விட்டதும் அது விருட்டென்று மேலே வந்து குதித்தது. அவள் போட்ட கூச்சலில் சுவரில் முளைத்திருந்த தலைகள் இறங்கிக்கொண்டன.

நான் வெறுங்கையோடு கடைக்கு வந்து, "பதினாலுதாம்மா வந்துது, ஒண்ணு வரல" என்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். முதலாளியம்மா சாரி சொன்ன இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவர், கல்லாவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் பழையபடி ஆகிவிட்டது.

"வெள்ளிக்கெழம அந்தப் புள்ளயோட அப்பா வராரு. அவருக்குக் கோவப்பட உரிம இருக்குது. அவரு என்னா சொல்றாரோ அதுதான் நானும் சொல்லுவேன். அதுவரைக்கும் நீ பின்னாடி கிடங்குல இரு."

மூன்று நாள் கிடங்கில் இருந்தேன். சும்மா இருக்க முடியாதே, அங்கே இருந்த குளிக்கிற பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். இன்றைக்கு நீங்கள் அலமாரியில் பார்க்கிற ஒழுங்கெல்லாம் அந்த மூன்று நாளில் வந்தது. கண் தனியாகக் கழன்று வருகிற மீனை ஒதுக்கினேன். நகத்தால் சுரண்டினால் பெயிண்ட் வருகிற ஆமையையும், நீளக் கயிறு கட்டிய படகையும், பேட்டரி மூடி விரலால் திறக்கிற திமிங்கிலத்தையும் ஒதுக்கினேன். கடைசியில் மூட்டையாகச் சேர்ந்ததைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. நல்லது என்று நின்றவற்றில் பாதி, ஒன்றுக்குள் ஒன்று போகிற கிண்ணங்களும் அடியில் சல்லடை வைத்த குவளையும்தான். யாராவது வந்து எது ரொம்ப நல்லது என்று கேட்டால் வெட்கப்படாமல் அந்தக் குவளையைக் காட்டுங்கள். அகலமான வாய், கழுவிக் கவிழ்த்தால் காய்ந்துவிடும். கூடவே, எந்தப் பொம்மை கொடுத்தாலும் குழந்தையைத் தண்ணீரோடு தனியாக விட்டு நகரக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். போன் அடித்தாலும் நகரக் கூடாது.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கடைப் போன் அடித்தது. முதலாளியம்மா எடுத்தார். "ஆமாங்க, இருக்காங்க" என்று சொல்லிவிட்டு என்னைக் கிடங்கிலிருந்து கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஊசி போட்ட அக்காங்களா?" என்றது ஒரு ஆண் குரல்.

"ஆமாங்க தம்பி. நான்தான். என்ன சொன்னாலும் சொல்லுங்க."

"நான் ஹசீனா வூட்டுக்காரரு பேசுறேன்கா. நேத்து வந்தேன். எம் பொண்ணு என்னைப் பாத்ததும் ஓடிப்போயி கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டா. போன்ல அவ்வளவு பேசுவா, நேர்ல பக்கத்துல வரமாட்டேங்குறா. பொட்டி பொட்டியா பொம்ம கொண்டாந்தேன், எதையும் தொடல. ராவெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல. காலைல எழுந்து தானா வந்தா. ஷோகேச கை காட்டி, 'வாத்துக்குப் புண்ணு. நீதான் அனுப்பின. சாரி சொல்லு'ன்னா."

கடையில் நின்ற வாடிக்கையாளர் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் எங்கக்கா அனுப்பினேன்? நான் அந்த வாத்தப் பாத்ததே இல்ல. வாய் வரைக்கும் வந்திடுச்சு. ஹசீனா பாத்த பார்வையில முழுங்கிட்டேன். மண்டி போட்டு சாரி சொன்னேன். கேக்கலன்னா. இன்னும் சத்தமா சொன்னேன். சொல்லும்போதே அழுவ வந்திடுச்சிக்கா. ரெண்டு வருசமா அவகூட நான் இல்ல பாருங்க, அதுக்கும் சேத்து சாரி சொன்ன மாதிரி இருந்துச்சு."

முதலாளியம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

"அப்புறம் என்னாச்சி தம்பி?" என்று அவர்தான் கேட்டார்.

"என் வெரலப் புடிச்சி இழுத்துட்டுப் போயி அன்னக்கூட பக்கத்துல நிக்க வெச்சா. ஒரு மக் தண்ணிய எடுத்து என் தலையில ஊத்தினா. துபாய் ஏர்போர்ட்டுல வாங்கின சட்டைங்க அது. ஊத்திட்டு மேல ஏறி உக்காந்தவதான், இன்னும் எறங்கல. இப்பவும் கழுத்துலதான் இருக்கா. உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம், இருங்க."

கொஞ்சம் மூச்சுச் சத்தம் கேட்டது. அப்புறம் அந்தக் குரல்.

"ஊசி அக்கா, சோறு சாப்டியா?"

நான் அழுதேன். சிரித்தேன். இரண்டையும் ஒன்றாகவே செய்தேன். "இன்னும் இல்லடா கண்ணு, இனிமேதான்" என்றேன்.

முதலாளியம்மா போனை வைத்தார். பிறகு கவுன்ட்டருக்குக் கீழேயிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெட்டியை என் பக்கம் தள்ளினார். "அந்தத் தம்பியே கோவப்படல, நான் என்னா சொல்றது? பிரி. ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்துட்டு அலமாரியில வை. இனிமே அந்த அலமாரி ஒம் பொறுப்பு" என்றார்.

பெட்டியைப் பிரிப்பதற்காக நான் இழுப்பறையைத் திறந்து கோணி ஊசியைத் தேடினேன். அவர் என்னை முந்திக்கொண்டு அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். என் கையில் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்தார். அந்த ஊசியை இன்றுவரை திருப்பித் தரவில்லை. நீங்கள் யாரும் கேட்டுப் பார்க்க வேண்டாம், உங்களுக்கும் தரமாட்டார்.